வலது திரைக்கு வராதவை

இன்னும் ஏழு வினாடி இருக்கிறது. அதற்குள் அழுத்திவிட்டால் இது யாருக்கும் கேட்காது.

ஜெயராணியின் ஆள்காட்டி விரல் புடவை மடிப்பின்மேல் ஒருமுறை அழுந்தி எழுந்தது. அங்கே பொத்தான் இல்லை, தொடைதான் இருந்தது. எதிரே முதலாளி செந்தமிழ்செல்வன் கையிலிருந்த தாளைப் பார்த்துப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வர வேண்டாதவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் விரல் அழுந்தியது. ஆனாலும் ஒவ்வொரு பெயரும் அறையைக் கடந்து போய் அதற்குரியவரின் முகத்தில் உட்கார்ந்தது. முப்பத்தொரு பேரில் இருபத்திரண்டு பேர். தாள் மடிக்கப்பட்டபோதுதான், தன் பெயர் வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது ‘கரையோரம் ஸ்போர்ட்ஸ்’. கபடி, கைப்பந்து, ஊர்களுக்குள் நடக்கும் கிரிக்கெட் என்று எதை எங்கே ஆடினாலும் இவர்களுடைய வண்டி போய் நிற்கும். கடலூரிலிருந்து மயிலாடுதுறை வரைக்கும் கேபிள் வைத்திருந்த வீடுகளில் அது தெரியும். மூன்று வருடங்களாக அந்த வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவர்கள் சொல்லாமல் செருப்பைத் தேடிக் கிளம்புவதுபோல ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்கள் திருப்பிக் கொடுத்த செட்டாப் பாக்ஸ்கள் அலுவலக நடையில் செங்கல் மாதிரி அடுக்கிக் கிடந்தன. ரிமோட்டுகள் ஒரு தொட்டியில். பாலித்தீன் உறை போட்டவை, ரப்பர் வளையம் சுற்றியவை, பின்பக்கம் பொட்டு ஒட்டியவை. யார் வீட்டு நெற்றியிலிருந்தோ வந்த பொட்டு. ஜெயராணி அதைக் கடக்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்வாள்.

கூட்டம் முடிந்ததும் அன்புமணி அவள் மேசையோரம் வந்து நின்றான். வர்ணனையாளன். அவன் பெயர் மூன்றாவதாகப் படிக்கப்பட்டிருந்தது.

“ஒங்க பேரு வரல பாத்தீங்களாக்கா,” என்றான் சிரித்துக்கொண்டே. “பேசுனவன்லாம் வெளிய. பேச வுடாதவங்க உள்ள.”

அவளுக்குப் பதில் உடனே வராது. எதற்குமே உடனே வராது. அதை வைத்து அலுவலகத்தில் அவளைக் கேலி செய்வது வழக்கம். அக்காவிடம் காலையில் வணக்கம் சொன்னால் மத்தியானம் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். இந்தமுறை பதில் வந்து சேர்வதற்குள் அவன் நடையில் பாக்ஸ் அடுக்கைத் தாண்டிப் போய்விட்டிருந்தான்.

பேச விடாததுதான் அவள் வேலை. அவள் மேசையில் இரண்டு திரைகள். இடது திரையில் மைதானத்தில் நடப்பது நடக்கும்போதே தெரியும். வலது திரையில் அதே ஏழு வினாடி கழித்து வரும். வீடுகளுக்குப் போவது அந்த வலது திரைதான். ஆட்டக்களத்தின் ஓரத்தில் மண்ணுக்கு அரையடி உயரத்தில் மைக் வைத்திருப்பார்கள், மூச்சு கேட்க வேண்டும் என்று. மூச்சோடு மற்றதும் கேட்கும். பிடிபட்டவன் திட்டுவதும், பிடித்தவன் திருப்பித் திட்டுவதும், கயிற்றுக்கு வெளியே நிற்பவன் இரண்டு பேரையும் திட்டுவதும். காதில் விழுந்ததும் அவள் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தத் துண்டு வலது திரைக்கு வராது. அந்த இடத்தில் வாய்கள் மட்டும் அசையும்.

பதினோரு வருடங்கள் அந்த இரண்டு திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் ஒருவன் ஏற்கெனவே விழுந்திருப்பான். வலது பக்கம் அவனே இன்னும் சிரித்துக்கொண்டு கோட்டைத் தொடப் போய்க்கொண்டிருப்பான். போகாதே என்று அவனிடம் சொல்லத் தோன்றும். வீட்டில் அரிசி களையும்போதுகூடச் சில சமயம் அவளுக்கு அப்படி இருந்தது. எல்லாம் எங்கோ நடந்து முடிந்துவிட்டது, தான் இருப்பது வலது பக்கத்தில் என்று.

செந்தமிழ்செல்வன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவளைவிட ஐந்து வயது இளையவர். முதலாளி என்றாலும் அவளை அக்கா என்பார். அவள் அவரை சார் என்பாள். இரண்டு நாட்களாகத் தூங்காத கண்கள். கேபிளை மூடிவிட்டு இனி போனுக்கு மட்டும் என்று முடிவாகிவிட்டதாம். போனில் இந்த ஏழு வினாடியும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். அப்படியானால் நான் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“போன்ல பாக்குறவனுக்கு மேட்ச் வேணாம்க்கா. மேட்ச்ல நடந்தது வேணும். நாப்பது செகண்டு. அதுக்கு மேல அவன் இருக்க மாட்டான்.”

அவள் வெட்டிய துண்டுகளெல்லாம் கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தன. யாராவது புகார் கொடுத்தால் காட்டுவதற்காக வைத்தது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் அழிக்கவும் இல்லை. நாலாயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றும் இரண்டு வினாடி, மூன்று வினாடி. பெயர் கிடையாது, எண்தான். படமும் இல்லை, வெறும் குரல். எந்த மேட்ச், யார், யாரைப் பார்த்துச் சொன்னது என்பதெல்லாம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஜெயராணியின் நீல அட்டை நோட்டில்.

“அந்த நோட்டும் நீங்களும் இருந்தா போதும். ‘கட் பண்ணது’ன்னு பேரு வெச்சிருக்கன். தெனம் ஒண்ணு போட்டாலும் பத்து வருசத்துக்கு வரும்.” அவர் கண்ணில் சின்ன வெளிச்சம் வந்தது. “நீங்களே எடுத்துக் குடுங்க, நீங்களே பின்னாடி பேசுங்க. ஒங்க குரல யாரும் கேட்டதே இல்ல பாருங்க. இந்த ஒம்போது பேரு நிக்கறதே இத நம்பித்தான்.”

பிறகு ஒரு துண்டைப் போட்டுக் காட்டினார். தற்செயலாகத் திறந்து பார்த்தபோது கிடைத்ததாம். மண் உரசும் சத்தம், ஒரு உடல்மேல் இன்னொரு உடல் விழும் சத்தம், அப்புறம் காதுக்குள் சொல்வதுபோல ஒரு குரல்: “டேய், வீட்டுக்கு வாடா. அம்மா ஒன்னயே கேட்டுனு இருக்கு.”

“இதுல என்னாக்கா கெட்ட வார்த்த இருக்குது? ஏன் கட் பண்ணீங்க?”

எதிரெதிர் அணியில் ஆடிய அண்ணன் தம்பி. தம்பியைப் பிடித்து அழுத்தியபடி அண்ணன் சொன்னது. அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விரல்தான் அழுத்தியது. அப்படி அவள் அழுத்தியவை நிறைய உண்டு. யாருக்கும் தெரியாமல், வேலைக்கு வெளியே, அவள் வெட்டியவை. கண்டுபிடிக்கப்பட்டவளைப்போல அவள் முகம் சுட்டது.

“தப்புன்னு சொல்லல,” என்றார் அவர். “இதுதான்க்கா போவும். திட்டுறது எங்கயும் கெடைக்கும். இது கெடைக்காது. நாளைக்கு நோட்ட எடுத்துனு வந்துடுங்க.”

*

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க நினைத்து, பாலம் போனபிறகு திரும்பிப் பார்த்தாள்.

நோட்டு கைப்பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். நாளை என்று அவர் சொன்னபோது, அது கையிலேயே இருப்பதை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

அதை எழுத ஆரம்பித்தது முத்தம்மாள் என்ற ஒருத்தி அலுவலகத்துக்கு வந்துபோன பிறகு. ஆறு வருடம் ஆகிறது. காடாம்புலியூர்ப் பக்கத்துப் பையன் இளவரசு. அந்த வருடம் அவனைப்போலக் கபடி பாடிக்கொண்டு போய்த் தொட்டுத் திரும்புகிறவன் யாரும் இல்லை. அன்றைக்கு ஜெயராணி வலது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது திரையில் அவன் ஏற்கெனவே பிடிபட்டுக் கிடந்தான். வலதில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பில் அவள் ஏழு வினாடியும் தங்கிவிட்டாள். கயிற்றுக்கு வெளியே நின்ற எவனோ அவன் தாயைப் பற்றி ஒரு சொல்லைச் சொன்னான், அவள் பெயரோடு சேர்த்து. விரல் போவதற்குள் அது எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. அவன் வீட்டுக்கும்தான்.

மூன்றாம் நாள் அந்தப் பெயருக்குரியவள் அலுவலகத்துக்கு வந்தாள். பாதி அறுத்த பலாப்பழத்தைத் தாளில் சுற்றி, இரண்டு பஸ் மாறி எடுத்து வந்திருந்தாள். வெறுங்கையோடு வரக்கூடாது என்று வந்திருப்பாள். பழவாசனை மாடி முழுக்கப் பரவியது. பொத்தான் அழுத்துகிற அம்மா யார் என்று கேட்டு, இவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். இவள் எழுந்து நின்றாள்.

“உக்காரும்மா. ஒன்ன ஏசறத்துக்கு வரல,” என்றாள் முத்தம்மாள். “நாங் கேட்டது பெருசு இல்ல. ரோட்டுல நடந்தா நாலு பேரு நாலும் பேசுவான். நாங் கேட்டன்னு எம்மவனுக்குத் தெரிஞ்சிபோச்சி. அதாம்மா. மூணு நாளா எம் மூஞ்சியப் பாக்க மாட்றான்.”

கொஞ்ச நேரம் இரண்டு திரைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். அன்றைக்கு ஆட்டம் இல்லை. இரண்டும் கறுப்பாக இருந்தன.

“அத திரும்ப இழுக்க முடியுமாம்மா?”

ஜெயராணி முடியாது என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் அவள் பிறகு ஆயிரம்முறை திரும்பச் செய்துபார்த்தாள். இளவரசு அடுத்த பருவத்தில் ஆட வரவில்லை. முந்திரி ஏற்றும் வண்டி ஓட்டுகிறான் என்று ஒருநாள் அன்புமணி சொன்னான்.

நோட்டு வாங்கியது அதற்குப் பிறகுதான். பழையவற்றையும் திரும்பக் கேட்டு, வெட்டியதையெல்லாம் எழுதினாள். சொல்லை எழுதவில்லை. நாள், மேட்ச், எண், அப்புறம் யார் யாருக்கு. ‘அண்ணன், தம்பிக்கு.’ ‘கோச், அழும் பையனுக்கு.’ ‘வெளியிலிருந்து ஒருவன், சாதி.’ கொள்ளிடக்கரை ஊர் ஒன்றில் நடந்த அரையிறுதி அது. அந்தச் சொல் மைதானத்தில் நூறு பேருக்குக் கேட்டது. அவர்களே அமுக்கி, அவர்களே சமாதானம் பேசி முடித்தார்கள். வலது திரையில் அது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் எத்தனை ஊர் கிளம்பியிருக்கும் என்றும் தெரியும். எண் 2207. இன்னும் கம்ப்யூட்டரில்தான் கிடந்தது.

பஸ் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையை நெருங்கியது. வழக்கம்போல எல்லோரும் ஒரே நேரத்தில் துப்பட்டாவையும் முந்தானையையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அதுவே பழக்கம். இந்தக் கம்பெனி மதிலில் தொடங்கி அந்தக் கம்பெனி மதிலில் விடுவது. இன்றைக்கு மூச்சுக்குள் ஒரு ஊர் இருந்தது. பாடிக்கொண்டு போய்த் திரும்பாதவர்கள், வாய் மட்டும் அசைகிறவர்கள், எல்லோரும் மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பதுபோல அவளைக் கடந்து போனார்கள். யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. கண்டக்டர் முதுநகர் என்று கத்தியபோதுதான் அவள் மூச்சை விட்டாள்.

*

வீட்டில் மகள் சுவேதா போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ பரீட்சை முடிந்து வந்திருந்த சோம்பல். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் வீட்டில் மட்டும் அந்தத் தெருவில் இன்னும் கேபிள் இருந்தது. திடீரென்று அங்கே ஒரு கூச்சல்.

“போச்சு,” என்றாள் சுவேதா. “கத்திட்டாங்க. விக்கெட்டு.”

அவள் கையிலிருந்த போனில் பந்து வீசுபவன் இன்னும் ஓடிவரக்கூட ஆரம்பிக்கவில்லை. ஜெயராணி மகளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மட்டையோடு நின்றவன் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாது. ஒரே தெருவில் ஒவ்வொரு வீடும் வேறு வேறு வினாடியில் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். யாரும் யாரோடும் இல்லை.

கணவன் சிங்காரம் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தான். சிப்காட்டில் ஒப்பந்த ஷிப்டு. மூன்று மாதமாகக் கூப்பிடவில்லை. கூப்பிடாத நாட்களில் சமையல் அவனுடையது. அவள் வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியல், அன்புமணி, நோட்டு. அவன் கையை நிறுத்தாமல் கேட்டான்.

“பொழப்ப காப்பாத்திக் குடுக்கறாரு. அதுல யோசிக்க என்னா இருக்குது?” என்றான்.

அவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“யாரோ எப்பவோ பேசுனது ராணி. பேசுனவனுக்கே ஞாபகம் இருக்காது.”

“கேட்டவங்களுக்கு இருக்கும்,” என்றாள் அவள், வெகுநேரம் கழித்து.

அவன் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. சுவேதாவை ஜூன் மாதம் நர்சிங் சேர்க்க வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. உள்ளேயிருந்து வந்த போன் வெளிச்சம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“சரின்னு சொல்லிட்டு வா,” என்றான். “அப்புறம் பாத்துக்கலாம்.”

அவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

காலையில் மாடி ஏறும்போது நடையில் பாக்ஸ்கள் இல்லை. பழைய சாமான் வண்டி வந்து எடுத்துப்போயிருந்தது. ரிமோட் தொட்டி மட்டும் தனியாக நின்றது. அன்புமணியின் நாற்காலியில் அவன் துண்டு தொங்கியது. மாதக் கடைசிவரை வரலாம் என்று சொல்லியிருந்தும் அவன் வரவில்லை.

செந்தமிழ்செல்வன் அவளுக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தார். டீ வந்திருந்தது. முதல்நாளைவிட உற்சாகமாக இருந்தார். முதலில் அண்ணன் தம்பியைப் போடலாம் என்றார். அப்புறம் ஒரு காமெடி, அப்புறம் ஒரு அழுகை, அப்புறம் ஒரு சண்டை. சண்டை எங்கே நடந்தது என்று ஊர்ப்பெயர் கட்டாயம் போட வேண்டும், அப்போதுதான் அந்த ஊர்க்காரன் பத்துப் பேருக்கு அனுப்புவான். அவர் தீயவர் அல்ல. அவளுக்கு அது தெரியும். மழை வெள்ளத்தில் கீழிருந்து மாடிவரை அலுவலகத்துக் கருவிகளைத் தலையில் சுமந்தவர். தன் அம்மா செத்த மூன்றாம் நாளே ஆட்டம் காட்ட வந்தவர்.

“நோட்டு கொண்டாந்தீங்களாக்கா?”

நோட்டு மடியிலிருந்த பைக்குள் இருந்தது. டிபன் பாக்ஸின் சூடு அதன்மேல் படிந்திருக்கும். அதில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி. ‘இறுதி ஆட்டம், மஞ்சக்குப்பம். எண் 3150. செ., போனில்.’ இரண்டு வருடங்களுக்கு முன், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைக் இருப்பதை மறந்து, கயிற்றோரம் முதுகைக் காட்டி நின்று, போனில் ஒரு மனிதர் யாரிடமோ சொன்னார்: நான் வரட்டுமா, இல்ல இப்படியே இருந்துடட்டுமா, நீயே சொல்லு. அப்புறம் ஒரு சத்தம். இருமலும் இல்லை, சிரிப்பும் இல்லை. அந்த வாரம்தான் செந்தமிழ்செல்வனின் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குமராட்சிக்குத் தாய்வீடு போயிருந்தாள் என்பது பின்னால் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தச் சத்தம் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அவர் மறந்துவிட்டார். நாலாயிரத்தில் எங்கோ அது எண்ணாகக் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

“என்னாக்கா,” என்றார் அவர். குரல் தாழ்ந்தது. “என்னா யோசன? ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க. ஒரு காரணம் சொல்லுங்க, நான் கேட்டுக்கறன்.”

ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால் போதும். அவர் முகம் இப்போதே மாறுவதை அவள் இடது திரையில் பார்த்தாள். வாய் திறந்து மூடுவது, கை டீ கிளாஸைத் தேடுவது, பிறகு என்றைக்கும் அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பது. வலது திரையில் அவர் இன்னும் நம்பிக்கையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் விரல் பையின்மேல் அழுந்தியது. அழுந்தியபடியே இருந்தது. கீழே துணிக்கடையில் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தேவையில்லாமலே ஏழும் அவளைக் கடந்து போயின.

“இல்ல சார்,” என்றாள். “தர மாட்டன்.”